மாற்று

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் நகைக்கடன் மேஜைக்கு எதிரே என் நாற்காலி. அப்ரைசர் நகையைக் கையில் வாங்கியதும் எடை பார்ப்பதில்லை. முதலில் கறுப்புக் கல்லில் ஓர் இழுப்பு இழுப்பார். மஞ்சளாக ஒரு கோடு விழும். அதன்மேல் திராவகம் ஒரு சொட்டு. கோடு நிற்கிறதா, வெளிறுகிறதா, கரைந்தே போகிறதா என்று குனிந்து பார்ப்பார். அப்புறம்தான் மாற்றைச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். பன்னிரண்டு வருஷமாக இதுதான் நடக்கிறது. குருக்கள் கொண்டுவந்த சங்கிலியையும் உரைக்காமல் அவர் வாங்கியதில்லை. என் மனைவியின் வளையலையும் உரைக்காமல் வாங்கியதில்லை. இதில் அவமரியாதை எதுவும் இல்லை. உலோகத்தை முகம் பார்த்து நம்பக்கூடாது என்பது அந்த மேஜையின் தர்மம்.

2024ஆம் வருஷம் என் மகளின் ரத்தத்தில் ஓர் உலோகம் இருப்பதாக ஒரு சீட்டு வந்தது. ஈயம். காரீயம். அதை யாரும் தாமாக உரைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். நான் தற்செயலாக எதையோ படித்துவிட்டுக் கேட்டதால் மட்டுமே அது வெளியே தெரிந்தது. அது வந்த வழி எங்கள் வீட்டுத் திண்ணை. கொண்டுவந்தவன் நான். இதை எழுதாமல் இந்தப் பத்திரிகைக்கு வழக்கம்போல் ஒரு கவிதைத் தொகுப்பின் மதிப்புரையை அனுப்புவது ஒருவித மோசடியாக எனக்குப் படுகிறது. அதனால் இந்தத் தடவை இது.

வாலாஜாபாத் பாலாற்றங்கரை ஊர். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. கம்பெனி காலத்தில் பட்டாளம் தங்கிய இடம். காஞ்சிபுரம் போகிற வழியில் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று தறிச்சத்தம் கேட்கிற ஊர்கள். எங்கள் தாத்தா பட்டு நெய்தவர். அப்பா எட்டு வயசில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா வாங்கிக் கொடுத்தவர். கரையும் உடலும் வேறு வேறு நிறமாக இருந்தால் நெய்கிறவனுக்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் கையாக இருந்தது. அப்பாவோடு தறி முடிந்தது. தறிக்குழியை மூடி சிமெண்ட் போட்ட இடத்தில் இப்போது என் புத்தக அலமாரி நிற்கிறது.

மாறாமல் நின்றவை ஜன்னல்கள். தெருப்பக்கம் இரண்டு, முற்றத்துப் பக்கம் மூன்று. தேக்குச் சட்டம், இரும்புக் கம்பி. வீட்டில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவற்றுக்கு ஒரு பூச்சு விழும். பெரிய அத்தை கல்யாணத்துக்குப் பச்சை. சின்ன அத்தை கல்யாணத்துக்கு இன்னும் அடர்த்தியான பச்சை. அப்பா கல்யாணத்துக்கு நீலம். அக்கா கல்யாணத்துக்குச் சாக்லேட் நிறம். பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதியதை அடித்துவிடுவார்கள். யாராவது நகத்தால் கீறினால் எங்கள் குடும்பத்தின் சந்தோஷங்கள் எல்லாம் வரிசைக்கிரமமாகத் தெரியும்.

2023 டிசம்பரில் தம்பியின் கல்யாணம் நிச்சயமாயிற்று. இந்த முறை ஒழுங்காகச் செய்யவேண்டும், அடிவரைக்கும் தேய்த்துவிட்டுப் பட்டி பார்த்து அடிக்கவேண்டும் என்று சொன்னவன் நான். எனக்கு எதிலும் அடிவரைக்கும் போகவேண்டும் என்று ஒரு பிடிவாதம் உண்டு. என் கட்டுரைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். பெயிண்டர் வயசானவர். உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி நான்கு நாள் தேய்த்தார். பச்சை வந்ததும் நிறுத்தி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க தம்பி, இன்னாமா புட்ச்சிக்கினு நிக்குது. இப்ப வர்ற பெயிண்ட்டு அஞ்சு வருசம் தாங்காது."

தாங்கியதன் காரணம் எனக்குப் பிறகு தெரிந்தது. பச்சைக்கு மஞ்சளும் நீலமும் வேண்டும். அந்த மஞ்சள் பல எனாமல்களில் ஈயக் குரோமேட். பூச்சு சீக்கிரம் காயவேண்டும், கெட்டியாக நிற்கவேண்டும் என்பதற்காகச் சேர்த்த உப்புகளிலும் ஈயம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்தது 2016இல். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். விதி கடைக்கு வருகிற டப்பாவுக்கு. ஏற்கெனவே ஜன்னலில் ஏறி உட்கார்ந்துவிட்ட கல்யாணங்களுக்கு அது பொருந்தாது.

நான்கு நாளும் திண்ணையில் பச்சைப் பொடி படர்ந்திருந்தது. என் மகளுக்கு அப்போது இரண்டே கால் வயசு. பக்கத்து வீட்டில் இரண்டு பையன்கள். மூத்தவனுக்கு ஐந்து, சின்னவனுக்கு என் மகள் வயசு. மூவரும் அந்தப் பொடியில் விரலால் கோடு இழுத்து விளையாடினார்கள். மூத்தவன் 'அ' போட்டுக் காட்டினான். விரலை வாயில் வைத்தபடி மற்ற இரண்டும் பார்த்துக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் ஈஸிசேரில் உட்கார்ந்து ஒரு நாவல் பற்றிய கட்டுரைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அந்தக் காட்சி அழகாக இருக்கிறது என்று நினைத்ததாகவும் ஞாபகம் இருக்கிறது.

மாசி, பங்குனியில் குழந்தை சோறு இறங்காமல் அழுதது. மலம் கட்டிக்கொண்டது. முகம் வெளிறியது. மண்ணையும் சுவரில் உதிரும் காரையையும் எடுத்துத் தின்ன ஆரம்பித்தது. ராத்திரி தூக்கம் இல்லை. "உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கு" என்றாள் அம்மா. காஞ்சிபுரத்தில் குழந்தை டாக்டர் ரத்தசோகை என்று சொல்லி இரும்புச் சத்துச் சொட்டு எழுதிக்கொடுத்தார். அதில் தவறில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் அந்தச் சமயத்தில் நான் வேறொன்றைப் படித்திருந்தேன்.

1904இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியர் ஒரு கட்டுரை எழுதினார். க்வீன்ஸ்லாந்துக் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த ஈய நச்சுக்குக் காரணம் வீட்டு வராந்தாக்களின் கைப்பிடிக் கம்பியில் வெயிலில் பொடிந்துபோன பெயிண்ட். அது குழந்தைகளின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்றார். மற்ற வைத்தியர்கள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தை கைக்கு எட்டும் இடங்களில் அந்தப் பெயிண்டைத் தடுத்து அங்கே சட்டம் வர 1922 ஆயிற்று. பதினெட்டு வருஷம். வராந்தா, கம்பி, வெயில், விரல். படித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து எங்கள் திண்ணையைப் பார்த்தேன்.

அடுத்த முறை டாக்டரிடம் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல இதை யாரும் கேக்கறதில்ல சார்" என்றார். எழுதித் தர மறுக்கவில்லை. விரல் நுனியில் குத்தினால் விரலில் ஒட்டிய தூசியே கணக்கில் சேர்ந்துவிடும் என்று நரம்பில் எடுக்கச் சொன்னார். இரண்டரை வயசுக் கையில் நரம்பு தேடுவது என்றால் என்ன என்பதை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. ரத்தம் சென்னைக்குப் போயிற்று. ஐந்தாம் நாள் சீட்டு வந்தது. ஒரு டெசிலிட்டருக்கு 8.6 மைக்ரோகிராம். பக்கத்தில் அச்சடித்திருந்த வழக்கமான அளவு: 10க்குக் கீழ்.

வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. "நார்மல்னு போட்டிருக்கு இல்ல, இன்னும் ஏன் மொகத்தத் தூக்கி வெச்சிக்கினு இருக்க?" என்றாள் மனைவி.

அந்த 10 எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991இல் வைத்த கோடு அது. 1960களில் அந்த நாட்டு வைத்தியர்கள் 60 வரைக்கும் பொறுத்துக்கொண்டார்கள். 1970 வாக்கில் 40. 1975இல் 30. 1985இல் 25. 1991இல் 10. 2012இல் 5. 2021இல் 3.5. அதே 2021இல் உலக சுகாதார நிறுவனம் 5ஐத் தொட்டாலே மூலத்தைத் தேடு என்றது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றும் சொல்லியிருக்கிறது. இந்த அறுபது வருஷத்தில் ஈயத்தின் வீரியம் கூடவில்லை. குழந்தைகளின் உடம்பும் மாறவில்லை. பார்க்கத் தெரிந்தவர்கள் அதிகமானார்கள், அவ்வளவுதான். என் மகள் 1980இல் இரண்டரை வயசாக இருந்திருந்தால் அமெரிக்காவிலேயே அவளை ஆரோக்கியமான குழந்தை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வாலாஜாபாத்துக்கு 2024இல் வந்த சீட்டில் 1991ஆம் வருஷம் அச்சாகியிருந்தது.

அந்தக் கோட்டைக் கீழே இறக்கியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் நீடில்மேன். பாஸ்டனை ஒட்டிய செல்சி, சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் முதலிரண்டு வகுப்புகளில் படித்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடமிருந்து விழுந்த பால் பற்களை வாங்கினார். ரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய ஒரு மாசத்தில் பாதியாகிவிடும். ரத்தத்தைப் பார்த்தால் அண்மைக் கதை மட்டும் தெரியும். பல்லும் எலும்பும் அதை வருஷக்கணக்கில் வைத்திருக்கும். 1979இல் முடிவை வெளியிட்டார். வெளிப்படையாக எந்த நோயும் இல்லாத பிள்ளைகள். ஆனால் பல்லில் ஈயம் அதிகமாக இருந்தவர்களின் புத்தி அளவீடு குறைந்திருந்தது. ஆசிரியர்கள் அவர்களைக் கவனம் சிதறுகிறவர்கள், சொன்னதைத் தொடர்ந்து செய்யத் தெரியாதவர்கள் என்று குறித்திருந்தார்கள். நம் ஊரில் விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்துவிடுகிறோம். எங்கள் ஓட்டின்மேல் மூன்று தலைமுறையின் சாட்சியம் கிடந்திருக்கும்.

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று சொல்ல வழியில்லை. 1999இல் பெங்களூரின் ஜார்ஜ் பவுண்டேஷன், துப்பில் வெங்கடேஷ் போன்றவர்கள் சேர்ந்து சென்னை உட்பட இந்தியாவின் பெரிய நகரங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் 10ஐத் தாண்டியிருந்தார்கள். அப்போது பெட்ரோலில் ஈயம் இருந்தது. 2000இல் அதை நாடு முழுவதும் நிறுத்தினார்கள். அதன் பிறகு 2005, 2006இல் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயசு வரையிலான 756 பிள்ளைகளைச் சோதித்தார்கள். சராசரி 11.4. அங்கேயும் ஆசிரியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். அங்கேயும் ஈயம் ஏற ஏறக் கவனக்குறைவும் பதற்றமும் ஏறின. பெட்ரோலிலிருந்து போனது வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் பழைய பேட்டரி உருக்கும் கொட்டகைகளிலிருந்தும் போய்விடவில்லை. உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, சுமார் 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஈயம் 5க்கு மேல் இருக்கலாம் என்று 2020இல் யுனிசெஃப் மதிப்பிட்டது. அதில் 27 கோடிக்கு மேல் இந்தியாவில்.

அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முயன்றேன். "ஈயமா? பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தானேடா ஆக்கிப் போட்டேன். நீங்கல்லாம் வளரலையா?" என்றாள். அம்மா பேரில் தப்பில்லை. தமிழில் ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வீடு கொடுத்திருக்கிறது. பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். கலப்படம் இல்லாதவரை அது கெடுதல் செய்யாது. இது காரீயம். அடைமொழியைக் கைவிட்டுவிட்டு இரண்டையும் ஈயம் என்றே சொல்லி, ஒன்றின் நல்ல பெயரை மற்றதற்கும் கொடுத்துவிட்டோம். கேட்கச் சகிக்காததைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல என்கிறோம். இந்த ஈயம் கொதிப்பதில்லை. யாரும் ஊற்றுவதில்லை. இனிப்பாகக்கூட இருக்கும் என்கிறார்கள். பி.ஏ.வில் டிக்கன்ஸ் படித்தேன். அவர் 1868, 69 வாக்கில் லண்டன் கிழக்குப் பகுதியில் வெள்ளை ஈயம் தயாரிக்கும் ஆலைகளுக்கு வேலைக்குப் போய் நலிந்த ஏழைப் பெண்களைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. பாத்திரப் படைப்பு பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டோம்.

ஈயம் உள்ளே போகிற விதம் எனக்கு என் மேஜையை ஞாபகப்படுத்துகிறது. உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து வாங்கிக்கொள்கிறது. எலும்புக்குச் சேரவேண்டியது என்று எலும்புக்கு அனுப்புகிறது. மூளையில் சுண்ணாம்புச் சத்து செய்யவேண்டிய வேலைகளில் இதை உட்காரவைக்கிறது. உரைகல் இல்லாத கவுண்டர். பெரியவர்கள் விழுங்குகிற ஈயத்தில் பத்தில் ஒரு பங்குபோல் உடம்பில் சேர்ந்தால், சின்னக் குழந்தைக்குப் பாதிவரைக்கும் சேர்ந்துவிடும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தைக்கு இன்னும் சுலபமாகச் சேரும். பற்றாக்குறை உள்ள வீட்டில் போலி நகை சீக்கிரம் விலைபோவதுபோல.

சென்ற வருஷங்களில் இந்தப் பக்கங்களில் நடந்த ஒரு விவாதம் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். விமர்சனத்தில் அளவுகோல் என்று ஒன்று உண்டா என்ற பழைய சண்டை. அளந்து சொல்கிறவன் விமர்சகன் அல்ல, தராசுக்காரன் என்று ஒரு நண்பர் எழுதினார். நானும் ஆமாம் போட்டேன். பன்னிரண்டு வருஷம் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. இப்போது யோசித்தால், அந்த 8.6 வராமல் போயிருந்தால் நான் என் மகளை எப்படி வாசித்திருப்பேன்? பிடிவாதம் என்று. சுபாவம் என்று. என் அப்பா என்னைப்பற்றிச் சொன்ன அதே பெயரடைகளால். பள்ளிக்கூடத்தில் மந்தம், துடுக்கு, ஒரு இடத்தில் உட்காரமாட்டான் என்று நாம் தீர்ப்பு எழுதுகிற பிள்ளைகளில் யாரிடம் சுபாவம் பேசுகிறது, யாரிடம் உலோகம் பேசுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நுட்பமான ரசனையாலும் முடியாது.

அதேசமயம் எண்ணை நான் தெய்வமாக்கவில்லை. ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது பேசும். என் மகள் எதை இழந்தாள், இழந்தாளா என்று 8.6 சொல்லாது. யாராலும் சொல்ல முடியாது. மருந்தும் கிடையாது. 45ஐத் தாண்டினால் ஈயத்தைக் கவ்வி வெளியே கொண்டுவரும் மருந்து கொடுப்பார்கள். அதற்குக் கீழே கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. முடிவு வந்தது 2001இல். 20க்கும் 44க்கும் இடையில் இருந்த 780 குழந்தைகள். மருந்து கொடுத்தவர்களுக்கு ரத்தத்தில் ஈயம் இறங்கியது. புத்தியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எண்ணை இறக்க முடிந்தது; போனதை மீட்க முடியவில்லை.

அப்படியானால் எதற்காகச் சோதிப்பது? இதை முதலில் கேட்டது டாக்டர் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். அவரைப்பற்றித்தான் இதுவரை சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

சீட்டு வந்த அன்றே எங்கள் வீட்டில் எல்லாம் நடந்தது. துடைப்பத்தால் பெருக்குவதை நிறுத்தி ஈரத்துணியால் துடைத்தோம். மனைவியும் குழந்தையும் இரண்டு மாசம் உத்திரமேரூரில் மாமனார் வீட்டுக்குப் போனார்கள். சுரண்டின பெயிண்ட் கொஞ்சம் பொட்டலம் கட்டிச் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். 90 என்று விதி சொல்லும் இடத்தில் ஐந்து இலக்கத்தில் பதில் வந்தது. ஜன்னலை இனிமேல் தேய்க்கவே கூடாது, மூடிப் பூசவேண்டும் என்று தெரிந்துகொண்டு அதையும் செய்தேன். கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய், இரும்புச் சொட்டு. மூன்று மாசம் கழித்து 5.9. இவ்வளவும் செய்தவன், அதே பொடியில் விளையாடிய இரண்டு பையன்களின் அப்பாவிடம் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன சொல்வது என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர் தறிக்காரர். இன்னும் நெய்கிறவர். ஒரு செவ்வாய்க்கிழமை மனைவியின் கம்மலைக் கொண்டுவந்து என் எதிரே உட்கார்ந்தார். அப்ரைசர் கல்லில் இழுத்தார். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே நான்கு தடவை அடகுக்கு வந்து மீண்ட கம்மல். நான்கு தடவையும் உரைத்ததுதான். ஐந்தாம் தடவையும் உரைக்கிறார். என்னால் முடியவில்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். தறி நின்றது. திண்ணை, பச்சைப் பொடி, சீட்டு, எண், என் மூன்று வார மௌனம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், ஒருவகையில் விரும்பினேன்.

"டெஸ்ட்டு எடுத்தா இன்னா சார் பண்ணுவாங்க?" என்றார்.

மருந்து இல்லை என்றேன். எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்தலாம், இன்னும் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், சாப்பாட்டில் கொஞ்சம் செய்யலாம், பள்ளிக்கூடத்தில் அவன் தடுமாறினால் அடிக்காமல் இருக்கலாம் என்றேன். கடைசியாகச் சொன்னதைக் கேட்டு மூத்தவனைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப எடுத்துப்புடலாம் சார்."

சனிக்கிழமை நான்கு பேரும் காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். பணம் நான் கட்டினேன். இதில் பெருமை எதுவும் இல்லை. மூத்தவனுக்கு 7.2. சின்னவனுக்கு 13.4. மூன்று குழந்தைகளில் அதிகம் அவனுக்குத்தான். என் மகளை மத்தியானம் தூங்கவைக்க உள்ளே தூக்கிக்கொண்டு போய்விடுவாள் மனைவி. அவன் தொடர்ந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பான். அவன் அம்மா தறிக்குப் பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருப்பாள்.

சோதனை பற்றி எனக்கு இருக்கும் ஆட்சேபத்தையும் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் ரத்தத்தை எடுத்து வீட்டின் குற்றத்தைக் கண்டுபிடிக்கிறோம். அப்பாவின் கையைத் தறிக்கு இரண்டாவது கையாக வைத்த மாதிரி, இந்தத் தலைமுறையில் பிள்ளையின் ரத்தத்தை ஜன்னலுக்கு உரைகல்லாக வைக்கிறோம். உரைக்கவேண்டியது ஜன்னலை, மஞ்சள்தூளை, குங்குமத்தை, பேட்டரி உருக்கிய மண்ணை. ஆனால் ஒன்றிலிருந்துதான் மற்றதற்குப் போக வேண்டியிருக்கிறது. பங்களாதேஷில் கர்ப்பிணிப் பெண்களின் ரத்தத்தில் ஈயம் இருக்கக் கண்டு, எங்கிருந்து என்று தேடிக்கொண்டே போய், பளபளப்புக்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் கலப்பதில் கொண்டுபோய் முடித்தார்கள். 2019இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் ஈயம் இருந்தது. அபராதம், எச்சரிக்கை, மண்டிகளில் சோதனை. 2021இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றிலும் இல்லை. முதல் ரத்தம் யாரோ ஒருத்தியுடையது. அது இல்லாமல் மண்டிவரைக்கும் போயிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியில் இருக்கும் குழந்தைகளுக்கு 12ஆம் மாசமும் 24ஆம் மாசமும் இந்தச் சோதனை விதி. நம் நாட்டில் குழந்தைகளைத் தேடிப்போய்ப் பார்க்கும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கியபோது 30 குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஈயம் அதில் இல்லை. எடை பார்க்கிறார்கள், உயரம் பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள். எடையும் உயரமும் சரியாக இருக்கும் பித்தளை வளையலை எங்கள் அப்ரைசர் ஒரு நாளில் இரண்டாவது பார்த்துவிடுகிறார்.

ரத்தத்தில் இறங்கினாலும் எலும்பில் போனது பல வருஷம் இருக்கும். என் மகள் பெரியவளாகி ஒரு நாள் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை வளரும்போது அதன் எலும்புக்காக அவள் எலும்பு கரையும். அப்போது பெரிய அத்தை கல்யாணத்துப் பச்சை கொஞ்சம் அந்தப் பிள்ளைக்கும் போகும். இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவள் படிப்பதில்லை.

சின்னவனின் சீட்டை அவன் அப்பா இரண்டு தடவை படித்தார். ஆங்கிலத்தில் இருந்தது, எண்ணை மட்டும் படித்திருப்பார். "திருப்பி எப்ப எடுக்கணும் சார்?" என்றார். மூன்று மாசத்தில் என்றேன். பேனா கேட்டார். கொடுத்தேன். அடகு ரசீதின் பின்னால் கெடு தேதியை எழுதிவைப்பதுபோல அந்தச் சீட்டின் பின்னால் ஒரு தேதி எழுதி, கம்மல் ரசீதோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார்.